கோட்டில் குத்திய ஆங்கிலம்

உடுப்புக் கழுவிக் கொடுக்கும் கடையில் நிற்பவளுக்கு ஆட்களின் முகம் மறந்துபோகும். காலரில் இருந்த ஊத்தை மறக்காது. கனடாவின் ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கத்துப் பிளாசா ஒன்றில், கொத்துரொட்டிக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கடை. உடுப்பை வாங்கி, இலக்கத் துண்டைக் குண்டூசியால் குத்தி, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று அனுப்புவது என் வேலை. உள்ளே தையல் மெசினில் இருப்பவர் டனூட்டா, போலந்துக்காரி, என்னைவிடச் சில வயது மூப்பு. முதலாளி மிஸ்டர் ஹான் கொரியாக்காரர். மூன்று பேருக்கும் பொதுவான பாஷை ஆங்கிலம். அது மூன்று பேருக்கும் ஒழுங்காக வராது.

எனக்கு எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கடை ரெலிபோன் அடித்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு இடிக்கும். நீங்களும் இந்த ஊரில் ஏதோ ஒரு கவுன்ரருக்குப் பின்னால் நின்று, விளங்காததற்கெல்லாம் ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டிப் பிழைப்பவராக இருந்தால் டனூட்டாவைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன். கடையில் பேசப்பட்டது எல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் என் மனதுக்குள் அது எங்கள் தமிழாக மாறித்தான் கிடக்கிறது. அப்படியே தருகிறேன்.

செவ்வாய்க்கிழமை இங்கிலீசு

டனூட்டா கனடாவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். ஆனால் அவருக்குப் போலிஷ் சேர்ச், போலிஷ் இறைச்சிக் கடை, போலிஷ் டொக்டர் எல்லாம் இருந்தன, எங்களுக்குத் தமிழில் எல்லாம் இருப்பதுபோல. ஆங்கிலம் கடைக்குள் மட்டும்தான். காற்சட்டைச் சிப் உடைஞ்சு போச்சு, கை நீளம், செவ்வாய் ரெடி. இதற்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை. பிறகு அவருடைய ஒரே மகள் ஓலாவுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை பிறையன் வீட்டில் பரம்பரையாக ஆங்கிலம். அவர்களுடைய கலியாணத்தில் பெற்றவர்கள் எழும்பி மைக் பிடித்துப் பேச வேண்டுமாம். ஓலாவுக்குத் தகப்பன் இல்லை; ஆகவே பேச வேண்டியவர் டனூட்டா ஒருவர்தான். எங்கள் கலியாணங்களில் பெண்ணின் தாய்க்கு இருக்கிற ஒரே பேச்சு, சாப்பிட்டீங்களோ என்று கேட்பது.

ஓலா தாயிடம் நயமாகத்தான் சொல்லியிருக்கிறாள்: “அம்மா, நீங்கள் எழும்பி எல்லாருக்கும் கையைக் காட்டினாப் போதும். மிச்சத்தை நான் பேசிறன்.” அடுத்த நாள் காலை டனூட்டா போட்டுவந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் மெசினுக்கு முன்னால் இருந்தார். தானே பேசுவதென்று முடிவெடுத்துவிட்டார். அதுவும் நல்ல, படித்த, கனத்த ஆங்கிலத்தில். ஏன் இந்தத் தலையிடி, பேசாமல் கையைக் காட்டிவிட்டு இருங்கோவன் என்றேன். அவர் ஊசியில் நூலைக் கோத்தபடி சொன்னார்: “என்னட்டச் செவ்வாய்க்கிழமை இங்கிலீசு மட்டும்தான் இருக்கு. கலியாணம் சனிக்கிழமை.”

வீட்டுச் சட்டை

அன்றிலிருந்து, உடுப்பு எடுக்க வந்தவர்களிடம் எல்லாம் டனூட்டா ஒரு நல்ல சொல் கேட்கத் தொடங்கினார். மெசினை நிறுத்திவிட்டுக் கவுன்ரருக்கே வந்துவிடுவார். நான் பயந்தேன். யாராவது முறைப்பாடு செய்தால்? மிஸ்டர் ஹான் எங்களை அனுப்பிவிட்டால்? ஆனால் சனம் விருப்பத்தோடுதான் கொடுத்தது. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மனுசி ‘எக்ஸ்குவிசிற்’ தந்தார். நுணுக்கமான அழகுக்கு அப்படிச் சொல்வார்களாம். பஸ் ஓட்டுகிற ஒருவர், சந்தோசம் தாங்காதவர்கள் ‘சந்திரனுக்கு மேலே’ நிற்பதாகச் சொல்லிக் கொடுத்தார். கிடைத்த சொல்லை டனூட்டா மிஞ்சிய இலக்கத் துண்டு ஒன்றில் எழுதுவார். அந்தத் துண்டைத் தான் தைத்துக்கொண்டிருக்கும் உடுப்பிலேயே கண் படுகிற இடத்தில் குத்திக்கொள்வார். தையல் முடியுமுன் சொல் மனதில் ஏறிவிட வேண்டும். பிறகு அதைக் கழற்றி மேலே உடுப்புத் தொங்கும் கம்பியில் மாட்டுவார். கொஞ்ச நாளில் கம்பி முழுக்கக் கடதாசி. மிஸ்டர் ஹான் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு துண்டுக் கட்டு ஒன்று கூடுதலாக வாங்கி வைத்தார்.

இவ்வளவு கஷ்டப்படுவானேன் என்று எனக்குத் தாங்கவில்லை. ‘ஹாப்பி’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அது போதாதா, எல்லோருக்கும் விளங்குமே என்றேன். டனூட்டா என் மகள் துஷா பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டுக்கு வந்தவர்; நான் கட்டியிருந்த காஞ்சிபுரம் சீலையின் கரையைக் கையால் தடவிப் பார்த்தவர். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துக் கேட்டார்: “உம்மட மகளின்ர விசேசத்துக்கு நீர் வீட்டுச் சட்டையோடயே போனனீர்?”

கோட்டோடு போன சொல்

மிஸ்டர் டொயில் என்றொரு வாடிக்கையாளர். இஸ்திரி மடிப்பு ஒரு நூல் விலகினாலும் கண்டுபிடித்துத் திருப்பிக் கொண்டுவருவார். அவருடைய கறுப்புக் கோட்டின் உள்துணி கிழிந்து தைக்க வந்தது. தைத்து, பிளாஸ்ரிக் உறை போட்டு, நானே கொடுத்தனுப்பினேன். அவர் போன பிறகு டனூட்டா கம்பியைப் பார்க்கிறார், மெசினுக்குக் கீழே பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். அன்றைய சொல்லைக் காணவில்லை. அது அந்தக் கோட்டின் கையில் குத்தியபடியே போய்விட்டது. என்ன சொல் என்று கேட்டேன். நூலகத்து மனுசி தன் தங்கச்சியைப் பற்றிச் சொல்லும்போது தந்த சொல்லாம்: ‘இன்சஃபரபிள்’. சகிக்கவே ஏலாத ஆள் என்று அர்த்தம்.

அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வழக்குப் போடுவார், கடையை மூடுவார்கள், இந்த வயதில் நான் வேலை தேடி பிறம்ரன் வேர்ஹவுசுக்குத்தான் போக வேண்டும் என்று வீட்டில் அழுதேன். அங்கே வேலை செய்கிற என் மனுசன், “வாவன், ஒண்டாப் போய் வரலாம்” என்றார். கடைசியில் மிஸ்டர் டொயில் வந்தார். கையில் கோட்டுமில்லை, துண்டுமில்லை. யார் எழுதியது என்று கேட்டார். டனூட்டா ஒளிக்கவில்லை. “நான்தான். படிக்கிற சொல். உங்களுக்கு எழுதினதில்லை” என்று சொல்லி, மகளின் கலியாணப் பேச்சு வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மிஸ்டர் டொயில் கவுன்ரரில் இரண்டு கையையும் ஊன்றினார். பிறகு சொன்னார்: “என்ர மனிசி அதைக் குசினிப் பிறிட்ஜ் கதவில ஒட்டி வைச்சிட்டா. தையல்காரிக்கு உங்களை இவ்வளவு வடிவா எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறா.”

என் பங்குக்கு ஒன்று

கம்பியில் தொங்கியதில் ஒன்றை நானும் எடுத்துக்கொண்டேன்: ‘இமாக்குலேற்’. ஒரு பொட்டு அழுக்கும் இல்லாத சுத்தம். ஒரு மணித்தியாலம் குளியலறையில் நின்று சொல்லிப் பழகினேன். மறுநாள், வெள்ளைச் சட்டையில் மிளகாய்த் தூள் கறையோடு வந்த ஒரு பெண்ணுக்கு, பயப்படாதேங்கோ, செவ்வாய்க்கிழமை இது இமாக்குலேற்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, அவள் வாசலைத் தாண்டும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போய் துஷாவிடம் சொன்னேன். அவள் போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்: “அம்மா, ஓ மை காட், ஆர் உங்களுக்கு உது சொல்லித் தந்தது? என்ர ரீச்சரே உப்பிடிக் கதைக்கமாட்டா.”

மூக்கில் ஈ

ஒருநாள் பஸ்சில் குடையை விட்டுவிட்டு வந்து, காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். “இண்டைக்கு உம்மட மூக்கில ஈ” என்றார் டனூட்டா. நான் கண்ணாடிக்கு ஓடினேன். அவர் சிரித்துச் சிரித்து மெசினில் சாய்ந்துவிட்டார். காரணமில்லாமல் சிணுங்குகிறவர்களை, தொட்டால் சீறுகிறவர்களை, போலிஷ் பாஷையில் அப்படிச் சொல்வார்களாம். கனவு கண்டுகொண்டு சும்மா இருப்பவன் ‘நீல பாதாம்பருப்பை நினைக்கிறான்’. சுகமான வேலை ‘பட்டர் பூசின பணிஸ்’. ஓலா பிறந்த நாளிலிருந்தே மூக்கில் ஈயோடு வந்த பிள்ளை என்றும், அதைக் கட்டாயம் பேச்சில் சொல்ல வேண்டும் என்றும் டனூட்டாவுக்கு ஆசை. நான் தலையிலடித்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் அப்படி இல்லை, சனம் சிரிக்கும், வேண்டாம் என்றேன். மிஸ்டர் டொயில் இப்போது உடுப்பில்லாமலும் வந்துபோகத் தொடங்கியிருந்தார். டனூட்டா அவரிடம் இதற்கு ஆங்கிலம் என்ன என்று கேட்டார். அவர் சிடுமூஞ்சிகளுக்குச் சொல்லும் ‘கிறம்பி’ என்றார். டனூட்டாவுக்குப் பிடிக்கவில்லை. அது கிழவர்களின் முகமாம். பிறகு அவர், தொட்டதற்கெல்லாம் கோபிக்கிறவர்களுக்குச் சொல்லும் ‘ரச்சி’ என்றார். அது தோல் வருத்தம் மாதிரி இருக்கிறதாம். அப்படியென்றால் எங்களிடம் இல்லை, விட்டுவிடுங்கள் என்றார் அவரும்.

அப்போது ஆளாளுக்குத் தங்கள் பாஷையை அவிழ்த்துக் கொட்டினோம். ஒருவரை ஏமாற்றுவதை, போலிஷில் ‘பலூன் ஆக்கிறது’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் கண்ணுக்கு மேலே கம்பளியை இழுத்து மூடுகிறார்கள். எங்களிடம் என்ன என்று என்னைக் கேட்டார்கள். காதில் பூ வைப்பது என்றேன். டனூட்டா மரியாதையோடு தலையை ஆட்டினார்: “ஏமாத்தேக்கையும் பூ வைச்சு ஏமாத்திறீங்கள். நல்ல சனம்.”

மிக அழகான வசனங்கள்

சொற்கள் சேர்ந்துவிட்டன, வசனங்கள்தான் இல்லை. பிள்ளையைப் பற்றி உருக்கமாக எப்படிச் சொல்வது? இங்கேதான் நான் என் மூளையைப் பாவித்தேன். எங்கள் வீட்டில் என் மனுசன் காலையில் தேத்தண்ணியோடு முதலில் பார்ப்பது மரண அறிவித்தல். எங்கள் ஆட்கள் ஒருவரைப் பற்றி நல்லதாக எழுதுவது அங்கேதான். ஆகவே டனூட்டாவுக்குச் சொன்னேன், ஆங்கிலப் பேப்பரிலும் அந்தப் பக்கத்தைப் பாருங்கோ என்று. அவர் பார்த்தார், மயங்கிப்போனார். ‘அவளை அறிந்த ஒவ்வொருவரும் பாக்கியசாலிகள்.’ ‘அவள் சிரிப்பு எங்கள் வீட்டின் ஒளி.’ ‘எங்கள் இதயத்தில் என்றென்றும் இருப்பாள்.’ செத்தவருக்குக் காது கேட்காது, இவ்வளவு நல்ல சொல்லை உயிரோடிருக்கிற பிள்ளை கேட்டால் என்ன குறை என்பது அவருடைய நியாயம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஒத்திகை வைத்தோம். மிஸ்டர் டொயில் கதிரையில், நான் கவுன்ரரில், மிஸ்டர் ஹான் கொதிநீராவி மெசினை நிறுத்திவிட்டு வாசலில். டனூட்டா மீற்றர் கோலை மைக்காகப் பிடித்துக்கொண்டு பேசினார். ஒரு இடத்தில்கூடத் தடக்கவில்லை. எனக்குப் பாதிதான் விளங்கியது, ஆனாலும் அழுதேன். மிஸ்டர் ஹானும் மூக்கைத் துடைத்தார். மிஸ்டர் டொயில் எழும்பி வந்து டனூட்டாவின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். “அருமையான பேச்சு. நீங்கள் சொல்லவேயில்லை, மகள் எப்ப காலமானவ?”

வெள்ளைச் சட்டையோடு

மறுநாள் கம்பி வெறுமையாக இருந்தது. துண்டுகளை எல்லாம் ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டு, கையைக் காட்டுகிறேன், அது போதும் என்று சொல்லிவிட்டு டனூட்டா தைத்துக்கொண்டிருந்தார். குற்றம் என்னுடையதாக எனக்குப் பட்டது; மரண அறிவித்தலைக் காட்டியது நான்தானே. அந்தக் கிழமைதான் ஓலா கலியாண உடுப்பைப் போட்டுப் பார்க்க வந்தாள். தாய் ஓரத்தில் குண்டூசி குத்திவிட்டு, பக்கத்துக் கடைக்குத் தேத்தண்ணி வாங்கப் போனார். ஓலா கண்ணாடிக்கு முன்னால் அசையாமல் நின்றபடி பெட்டியைப் பார்த்து, உது என்ன என்று கேட்டாள். அம்மாவின் சொற்கள் என்றேன். பெட்டியை எடுத்துத் தரச்சொல்லி, ஒவ்வொன்றாக வாசித்தாள். நான் என் பாட்டில் புறுபுறுத்தேன்: தாய் பேசுவதில் உமக்கு ஏன் வெட்கம், எங்களை மாதிரி ஆட்கள் பேசினால் என்ன குறைந்துவிடும்?

அவள் திரும்பினாள். “வெட்கம் இல்லை, அன்ரி. நான் சின்னனா இருக்கேக்க பள்ளிக்கூடத்தில ஒரு கூட்டம். அம்மா எழும்பி ஏதோ கேட்டவ. பின்னால இருந்த ரெண்டு தாய்மார் சிரிச்சவை. அம்மாவுக்குக் கேக்கேல்லை. எனக்குக் கேட்டது.” பிறகு கண்ணைத் துடைக்காமலே, உடுப்பில் படக்கூடாது என்று தலையை முன்னுக்கு நீட்டிக்கொண்டு சொன்னாள்: “கலியாணத்தண்டைக்கு ஆராவது அம்மாவைப் பார்த்துச் சிரிச்சா, நான் உந்த வெள்ளைச் சட்டையோடயே சண்டைக்குப் போவன்.”

இரண்டு குவியல்

எனக்கு ஒரு விசயத்தை வயிற்றுக்குள் வைத்திருக்கத் தெரியாது. ஓலா போனதும் டனூட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மெசினை நிறுத்தினார். பிறகு, “எனக்கும் கேட்டதுதான்” என்றார். பெட்டியை எடுத்து மேசையில் கவிழ்த்தார். மிஸ்டர் டொயிலுக்கு நானே போன் எடுத்தேன், நெஞ்சு இடிக்க இடிக்க. அவர் கடைக்கு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உயிரோடு இருப்பவர்களுக்குச் சொல்லக்கூடியது ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம் என்று துண்டுகளைப் பிரித்தார். ‘சந்திரனுக்கு மேலே’ உயிரோடு தப்பியது. ‘எக்ஸ்குவிசிற்’ தப்பியது. ‘என்றென்றும் இதயத்தில்’ போய்விட்டது. முடிந்ததும் மனுசன் மேசையைத் தடவிப் பார்த்து, இன்சஃபரபிள் எந்தப் பக்கம் என்று கேட்டார். டனூட்டா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை: “உயிரோட, உங்கட பிறிட்ஜில.”

ஸ்ரௌவ்வில்

கலியாணம் ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம், வயல்வெளிக்கு நடுவில் ஒரு மண்டபத்தில். புது வீடுகள் முடிந்து, லைற்றில்லாத ரோட்டில் என் மனுசன் கார் ஓட்ட, பிழையான இடத்துக்குப் போகிறோமோ, சீலை கசங்குகிறதோ, டனூட்டாவுக்குத் தொண்டை அடைத்தால் என்ன செய்வது என்று நான் வழி முழுக்க அரற்றிக்கொண்டே போனேன். டனூட்டா மைக்கைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். ஓலா தாயைப் பார்க்கவில்லை. சனத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு மேசையாக, யார் முதலில் சிரிக்கப் போகிறார்கள் என்று.

டனூட்டா பேசினார். கனத்த சொற்கள் எல்லாம் இஸ்திரி போட்ட உடுப்புப்போல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான் அறிந்த துண்டுகள் கண்ணுக்கு முன்னால் நடந்து போவதுபோல இருந்தது. முடித்துவிட்டார் என்று மூச்சு விட்டேன். அவர் இருக்கவில்லை. “இன்னும் ஒண்டு இருக்கு” என்றார். “என்ர மகளுக்குப் பிறந்த நாளிலயிருந்து மூக்கில ஈ. இதுக்கு இங்கிலீசில சொல் தேடினன். கடைக்கு வந்த எல்லாரையும் கேட்டன். உங்களிட்ட இல்லை. அதால எங்கட சொல்லை உங்களுக்குப் பரிசாத் தாறன். பிறையன், ஈ வந்தா கையை வீசிக் கலைக்காதையும். யன்னலைத் திறந்துவிட்டிட்டுப் பொறுத்திரும். அது தானாப் போகும்.” எனக்கு உயிர் போய்வந்தது. பிறகு பிறையன் மெதுவாகத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்து, ஓலாவின் மூக்கை உற்றுப் பார்த்து, கதிரையிலிருந்து எழும்பிப் போய்ப் பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டான். மண்டபம் வெடித்தது. மேசையில் தட்டினார்கள், எழும்பி நின்று கை தட்டினார்கள். ஓலா ஒரு மேசையையும் விடாமல் பார்த்து முடித்தாள். பிறகுதான் அவளும் சிரித்தாள், முகத்து மை எல்லாம் கரைந்து ஓட. பிறகு சாப்பாட்டு வரிசையில் என்னைக் கட்டிப்பிடித்துக் காதுக்குள் சொன்னாள்: “சண்டைக்கு ஒருத்தரும் இல்லை, அன்ரி.”

மறுபடி கவுன்ரர்

அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, மிஸ்டர் டொயிலின் உடுப்பை எடுக்க நான் அறியாத ஒரு மனுசி வந்தா. நரைத்த தலை, குறும்பான கண். பிறிட்ஜின் சொந்தக்காரி. அவர் ஏன் வரவில்லை, சுகமில்லையோ என்று நான் வழக்கம்போலப் பதறினேன். அவ உடுப்பை வாங்கி, அதன் கையில் ஏதாவது குத்தியிருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்த்துவிட்டு, போலந்தில் பிறந்தவள்போலச் சாதாரணமாகச் சொன்னா: “அவருக்கு இண்டைக்கு மூக்கில ஈ. அதுதான் நான் வந்தனான்.”

ஆக, இந்த ஊர் ஆங்கிலத்தில் ஒரு ஓட்டை இருந்ததையும் அதை எங்கள் டனூட்டா வெளியே தையல் தெரியாமல் மூடிக் கொடுத்ததையும் அறியாமல் சனம் அதை உடுத்திக்கொண்டு திரிகிறது, தையல் கூலியைப் பற்றித்தான் இன்னும் ஒருவரும் கதைக்கவில்லை.